வரிகளை எண்ணி மென்பொருளை அளந்த கதை

வல்லத்திராக்கோட்டையில் வயலுக்கு விலை பேசினால் ஏக்கர், சென்ட் கணக்கு. நெல்லுக்கு மூட்டைக் கணக்கு. கையில் பிடிக்க முடியாத மென்பொருளை எதைக் கொண்டு அளப்பது? கணினித் துறை முதலில் பிடித்துக்கொண்ட வழி மிக எளிமையானது. நிரலில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிவிட வேண்டியதுதான்!

அட்டையில் பிறந்த அளவுகோல்

1950, 60களில் நிரல்களைத் துளையிட்ட அட்டைகளில் பதிவு செய்தார்கள். ஐ.பி.எம். அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடம் உண்டு. பெரும்பாலும் ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஆகவே அட்டைக்கட்டின் உயரத்தைப் பார்த்தே நிரல் பெரியதா சிறியதா என்று சொல்லிவிடலாம்.

அட்டைகள் போன பிறகும் வரிக்கணக்கு போகவில்லை. 1981இல் பேரி போம் என்ற அமெரிக்க அறிஞர், 63 திட்டங்களின் விவரங்களை ஆராய்ந்து 'கோகோமோ' என்ற சூத்திரத்தை வெளியிட்டார். நிரல் எத்தனை ஆயிரம் வரி வரும் என்று கொடுத்தால், எத்தனை ஆள்-மாத உழைப்பு தேவை என்று அது சொல்லும். எளிய வகைத் திட்டத்தில் 10,000 வரிக்கு ஏறக்குறைய 27 ஆள்-மாதம். 20,000 வரிக்கு 54 அல்ல, 56! நிரல் வளர வளர வேலை அதைவிட வேகமாக வளர்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தியாவுக்கு வந்த வரிகள்

இந்த அளவுகோல் இந்தியாவில் பெரிய அளவில் பயன்பட்டது 1990களின் பிற்பகுதியில், ஒய்2கே சிக்கலின்போதுதான். பழைய கோபோல் நிரல்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்திருந்தன. 2000ஆம் ஆண்டு '00' ஆகி, கணினி அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டிக் கணக்கு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் குழம்பிவிடும். இதைச் சரிசெய்ய உலகம் முழுவதும் 300 முதல் 600 பில்லியன் டாலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது. டி.சி.எஸ். போன்ற இந்திய நிறுவனங்கள் தொழிற்சாலை முறையில் இந்த வேலையைச் செய்தன. எத்தனை வரிகள் என்பதை வைத்தே விலை பேசுவது அப்போது வழக்கமாக இருந்தது.

இங்கே வரிக்கணக்கு பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அவை முன்பே எழுதி முடித்த வரிகள். எங்கே தேதி ஒளிந்திருக்கிறது என்று அத்தனையையும் அலசியாக வேண்டும். தவிர, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வேலை செய்பவருக்கு வழியில்லை.

அளவுகோல் தடுமாறும் இடம்

புதிதாக எழுதும்போது கதையே வேறு. ஒரே வேலையை ஒருவர் 100 வரியில் முடிப்பார், இன்னொருவர் 300 வரிக்கு இழுப்பார். வரிக்குத்தான் மதிப்பு என்றால் இழுத்தவரே கெட்டிக்காரர்!

1982இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா திட்டத்தில், வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்துக் கேட்டார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, பல மடங்கு வேகமாக்கியிருந்தார். நிரலும் சுமார் 2,000 வரி குறைந்திருந்தது. அவர் படிவத்தில் எழுதியது: -2000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இதற்கு முன்பே, 1979இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரக்ட், மென்பொருள் பயனருக்கு என்னென்ன செய்து தருகிறது என்பதை எண்ணும் முறையை முன்வைத்திருந்தார்.

இன்னொரு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியான 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் 2.2 பதிப்பிலேயே 5.5 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருப்பதாக 2001இல் எண்ணினார்கள். அப்படிப்பட்ட கடலோடு சேர்த்து எண்ணினால், இந்திய மொழிகளுக்காகச் சென்னையில் செய்த வேலை ஒரு துளியாகத்தான் தெரியும். ஆனால் தமிழில் கணினியைத் திறப்பவருக்கு அந்தத் துளிதான் முக்கியம்.

ஆக, வரிக்கணக்கு பொய்யல்ல. இருக்கும் நிரலைப் பராமரிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஊகிக்க அது இன்றும் உதவும். எழுதியவரின் திறமையை அதை வைத்து எடை போடுவதுதான் தவறு. மூட்டையை எண்ணினால் விளைச்சல் தெரியும். நெல்லின் தரம் தெரியாது.