499 ரூபாய்னா உடனே வாங்கத் தோணுது... 500-னா யோசிக்கிறோம்! விலைக்குப் பின்னால் இருக்கும் உளவியல் என்ன?

கூப்பன் கிடையாது, 'இன்று மட்டும்' தள்ளுபடி கிடையாது. வருஷம் முழுக்க ஒரே விலை, அதுவும் குறைந்த விலை. இப்படி ஒரு கடை இருந்தா கூட்டம் அலைமோதும்னுதானே நினைப்போம்? அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. ஒரே ஆண்டில் அதன் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது.

நேர்மையான விலை தோற்றது ஏன்?

அந்த நிறுவனத்தின் பெயர் ஜேசி பென்னி. ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன், 2011 நவம்பரில் இதன் தலைமைச் செயல் அதிகாரியானார். விலையை முதலில் ஏற்றி, பிறகு தள்ளுபடி என்று இறக்குவது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை என்று அவர் கருதினார். 2012 பிப்ரவரியில் கூப்பன்களும் அடிக்கடி வரும் 'சேல்' அறிவிப்புகளும் நிறுத்தப்பட்டன. 99-ல் முடியும் விலைகள் போய், முழு எண்களில் குறைந்த விலை வந்தது.

முந்தைய ஆண்டில் சுமார் 1,720 கோடி டாலராக இருந்த விற்பனை, சுமார் 1,300 கோடி டாலராக இறங்கியது. 2013 ஏப்ரலில் ஜான்சன் பதவி இழந்தார். கூப்பன்களும் தள்ளுபடிகளும் திரும்ப வந்தன.

பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தாலர் 1985-லேயே எழுதிய ஒரு விளக்கம் இங்கே பொருந்துகிறது. பொருள் வாங்கும்போது மனசு இரண்டு கணக்கு போடுகிறது. ஒன்று, இந்தப் பொருள் நமக்கு எவ்வளவு உபயோகம் என்பது. இன்னொன்று, 'இந்த டீல்ல எனக்கு எவ்வளவு லாபம்?' என்பது. 100 டாலர் சட்டையை 60-க்கு வாங்கினால் 40 டாலர் ஜெயித்த உணர்வு. முதலிலேயே 60 என்று போட்டுவிட்டால் அந்தச் சந்தோஷம் இல்லை. கட்டுவது ஒரே பணம்தான், ஆனால் திருப்தி வேறு. இத்தகைய ஆய்வுகளுக்காகத் தாலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அடித்துக் காட்டும் விலை என்ன செய்கிறது?

1974-ல் உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 10 அல்லது 65-ல் மட்டும் நிற்கும்படி செட் செய்யப்பட்ட சக்கரத்தைச் சுற்றிவிட்டு, 'ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்?' என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் பதில் நடுமதிப்பு 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண், நங்கூரம் மாதிரி மனதைப் பிடித்து இழுத்தது.

ஆன்லைன் கடைகளில் 2,999-ஐ அடித்துவிட்டு 899 என்று காட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பொருள் ஒருநாளாவது 2,999-க்கு விற்றதா என்று யாரும் பார்ப்பதில்லை. '2,100 ரூபாய் மிச்சம்' என்று கணக்கு போட ஆரம்பித்துவிடுகிறோம்.

9-ல் முடியும் விலைக்கு என்ன பவர்?

எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். 499-ல் முதலில் பதிவது 4. அதனால் மனசு அதை நானூறு ரூபாய்ப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. 500 என்றதும் வேறு கட்டத்துக்குப் போய்விட்டது போலத் தோன்றுகிறது.

ஆய்வாளர்கள் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமஸ்டர் இருவரும் இதை உண்மையான விற்பனையில் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அஞ்சல் வழி விற்பனைப் பட்டியலில் ஒரே உடையை 34, 39, 44 டாலர் என மூன்று விலைகளில் போட்டார்கள். அதிகம் விற்றது, மலிவான 34 டாலர் அல்ல, 39 டாலர்!

ஆனால் இது எப்போதும் பலிக்கும் மந்திரம் இல்லை. வாடிக்கையாளருக்குப் பழக்கமில்லாத புதுப் பொருளில்தான் 9-ன் தாக்கம் அதிகம் இருந்தது. 'சேல்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தால் தாக்கம் குறைந்தது.

யாருமே வாங்காத பொருளை ஏன் வைக்கிறார்கள்?

தியேட்டர் கேன்டீனில் பாப்கார்ன் சின்னது 180, நடுத்தரம் 320, பெரியது 350 என்று வைத்துக்கொள்வோம். '30 ரூபாதானே கூட, பெருசே வாங்கிடலாம்' என்று தோன்றும். நடுத்தரம் விற்க வேண்டும் என்று அங்கே வைக்கப்படவில்லை. பெரியதை லாபமாகக் காட்டுவதுதான் அதன் வேலை.

ஆய்வாளர் டான் ஆரியலி, 'தி எகானமிஸ்ட்' இதழின் சந்தா விலைகளை வைத்து எம்.ஐ.டி. மாணவர்கள் 100 பேரிடம் இதைச் சோதித்தார். இணையதளம் மட்டும் 59 டாலர், அச்சு இதழ் மட்டும் 125, இரண்டும் சேர்த்து 125. இணையதளத்தை 16 பேரும், இரண்டும் சேர்ந்ததை 84 பேரும் தேர்ந்தெடுத்தார்கள். அச்சு இதழ் மட்டும் என்பதை ஒருத்தர்கூட எடுக்கவில்லை. யாரும் எடுக்காத அதை நீக்கிவிட்டு வேறொரு குழுவிடம் கேட்டபோது நிலைமை தலைகீழ். 68 பேர் 59 டாலர் சந்தாவுக்குப் போனார்கள், 32 பேர் மட்டுமே 125-க்கு வந்தார்கள்.

'இலவசம்' என்றால் கணக்கு மாறுமா?

2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தரமான சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று விற்றார்கள். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் தரமானதை எடுத்தார்கள். அடுத்து இரண்டிலும் சரியாக ஒரு சென்ட் குறைத்தார்கள். தரமானது 14, சாதாரணம் இலவசம். விலை வித்தியாசம் அதேதான். ஆனால் இப்போது 69 சதவீதம் பேர் இலவசத்துக்குப் போனார்கள்.

'499-க்கு மேல் டெலிவரி இலவசம்' என்றதும், 40 ரூபாய் டெலிவரி கட்டணத்தை மிச்சம் பிடிக்க 150 ரூபாய்க்குத் தேவையில்லாத பொருளைச் சேர்ப்பது இதனால்தான்.

5 ரூபாய் பாக்கெட்டில் நடப்பது என்ன?

நம்ம ஊரில் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளின் விலை மனதில் பதிந்துவிட்டது. 5 ரூபாயை 6 ஆக்கினால் உடனே தெரிந்துவிடும். 'என்னங்க, விலை ஏறிடுச்சா?' என்று கடைக்காரரிடம் கேட்போம். அதனால் மூலப்பொருள் விலை ஏறும்போது பல நிறுவனங்கள் விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கின்றன. விலை தெரிந்த அளவுக்கு, பிஸ்கட் பாக்கெட்டின் கிராம் கணக்கு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பேக் செய்த பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது குற்றம். ஆன்லைனில் வாடிக்கையாளரைக் குழப்பி வாங்க வைக்கும் 13 வகை தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கார்ட்டில் சேர்ப்பது, கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் அவிழ்ப்பது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் இழுத்தடிப்பது எல்லாம் அதில் அடங்கும். 499 என்று விலை வைப்பது மட்டும் எந்தச் சட்டத்துக்கும் எதிரானதல்ல.

பணம் கட்டும் முன் என்ன பார்க்கலாம்?

* அடித்த விலையை மறந்துவிட்டு, 'இது 899-க்கு எனக்குத் தேவையா?' என்று மட்டும் கேளுங்கள்.
* 499-ஐ 500 என்றே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.
* பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ விலையை ஒப்பிடுங்கள். 200 கிராம் 48 ரூபாய் என்றால் கிராமுக்கு 24 பைசா. 450 கிராம் 117 ரூபாய் என்றால் 26 பைசா. பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் இல்லை.
* கடைக்குப் போகும் முன் என்ன வேண்டும், எவ்வளவு வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போது முதல் எண் கடையின் எண்ணாக இல்லாமல், உங்கள் எண்ணாக இருக்கும்.
* விலை தொடர்பாக ஏமாற்றப்பட்டால் பில், ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.