சட்டாம்பிள்ளையும் மாணவத் தலைவியும்: யாழ்ப்பாணப் பெண் பாடசாலைகளின் வரலாற்றில் ஓர் அம்சம்

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் தாபகர்களையும் அதிபர்களையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. நூற்றாண்டு மலர்களைப் புரட்டுவோர் இதனை எளிதிற் கண்டுகொள்வர். கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், வருகை தந்த பிரமுகர்கள் ஆகியன நிரல்பட எழுதப்பட்டிருக்கும். மாணவியரோ தொகையாகவே தோன்றுவர். ஆயினும் அத்தொகையினுள்ளே சிலரிடம் ஏனையோரை நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு காலத்திலும் ஒப்படைக்கப்பட்டு வந்துள்ளது. அப்பொறுப்பு எங்கிருந்து வந்தது, யாருக்கு அளிக்கப்பட்டது, எவரது தேவையை நிறைவு செய்தது என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, பெண்கல்வியின் சமூகவியற் பின்னணி சற்று வேறான ஒளியிலே தெரியவருகின்றது.

மாணவரைக் கொண்டே மாணவரை நடத்தும் முறை தமிழருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். உபாத்தியாயர் இல்லாதபோது அவனே பாடங் கேட்பான். மணலிலே எழுத்துப் பழக்குவான். அடியும் அவன் கையாலேயே விழும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ ஆண் அநாதைகள் விடுதியின் கண்காணிப்பாளராக அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் கடமையாற்றினார். ஆங்கில உதவியாசிரியர்கள் புதுமுறைக்கு இணங்காதபோது, உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இது 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்திற் பரவிற்று. ஜோசப் லங்காஸ்ரர் ஏறத்தாழ அதே காலத்தில் நடத்திய பாடசாலையின் முறை அமெரிக்காவுக்குஞ் சென்றது. கைத்தொழிற் புரட்சியின் நகரங்களிலே திரண்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவிற் கல்வியளிக்க ஆளும் வர்க்கத்துக்கு இதனினும் வாய்ப்பான முறை வேறொன்று இருந்திருக்க முடியாது. பின்னர் மிஷனரிமாரின் பெட்டிகளோடு அதுவே கீழைத்தேயங்களுக்கு மீண்டது. நமது திண்ணையிலிருந்து போனது நமக்கே நாகரிகமாகத் திரும்பி வந்தது என்று கூறினால் அது முற்றிலும் மிகையாகாது.

ஆனால் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. திண்ணையிலே சட்டாம்பிள்ளை எப்பொழுதும் ஆண்பிள்ளையே. அக்காலத்து யாழ்ப்பாணத்திலே கோயில்களிற் பணிபுரிந்த ஆடல் மகளிர் தவிர்ந்த ஏனைய பெண்கள் எழுத்தறிதல் மரபாகவே இருக்கவில்லை. எனவே பெண்ணொருத்தி பிற பெண்களுக்குக் கல்வியின் பேரால் தலைமை தாங்கும் நிலை, மிஷன் விடுதிப் பாடசாலைகளோடுதான் தோன்றுகின்றது.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், மறு ஆண்டில் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவியது. பின்னதற்குப் பொறுப்பாயிருந்தவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். இரண்டுக்குமிடையே ஒராண்டே இடைவெளி என்பது தற்செயலன்று. செமினரியிற் கற்றுக் கிறிஸ்தவராகும் இளைஞர்களுக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குதல் உடுவிலின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாகும். படிப்பு முடியும்வரை சிறுமியை விடுதியிலே விட்டுவைக்கப் பெற்றோர் உடன்பட வேண்டியிருந்தது. உணவும் உடையும் மிஷனுடையவை. கிறிஸ்தவ இளைஞனை மணக்கும்போது மிஷனே சிறு தொகையைச் சீதனமாகவும் வழங்கியது. சீதனத்தைக் கண்டித்த பாதிரிமாரே சீதனங் கொடுத்துப் பெண்கல்வியை நிலைநாட்ட வேண்டியிருந்தமை, யாழ்ப்பாணச் சமூக அமைப்பின் இறுக்கத்தைக் காட்டும்.

இவ்விடுதியிலே பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். பாடஞ் சொல்லிக் கொடுத்தனர். செபக் கூட்டங்களை நடத்தினர். பின்னர் அவர்களுட் பலர் கிராமப் பாடசாலைகளிலே ஆசிரியைகளாயினர். வேறு சிலர் வீடுகள்தோறுஞ் சென்று வேதம் படிப்பித்தனர். 1840இல் வந்து 1879வரை உடுவிலைத் தலைமைதாங்கி நடத்திய எலைசா அக்னியூ, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து மறைந்தவர். அவரை 'ஆயிரம் பெண்மக்களின் தாய்' எனப் போற்றுவர். அந்த ஆயிரவர் யாவர் என்று தேடப் புகும் ஆய்வாளன் சங்கடத்துக்குள்ளாவான். பிள்ளையொன்றைத் தாங்கிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயரையோ அவர் விரும்பிய பெயரையோ அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் தொடக்க காலத்தில் நிலவியது. மிஷன் அறிக்கைகளிலே நியூ இங்கிலாந்துப் பெயர்களோடு தோன்றும் மாணவியர், தம் வீட்டிலே வள்ளியென்றோ தெய்வானையென்றோ அழைக்கப்பட்டிருக்கலாம். முதன்முதலில் வகுப்பை நடத்திய தமிழ்ப் பெண்களைத் தம் சொந்தப் பெயரால் அடையாளங் காண்பது இதனால் அரிதாகிவிட்டது. தலைமையை அளித்த நிறுவனமே பெயரை எடுத்துக்கொண்டது.

இன்று நாம் அறியும் மாணவத் தலைவி முறை வேறொரு மூலத்தையுடையது. 1828 முதல் 1842வரை இங்கிலாந்தின் றக்பி பாடசாலையில் அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்ட், உயர் வகுப்பு மாணவரிடம் ஒழுக்கப் பொறுப்பையும் தண்டிக்கும் அதிகாரத்தையும் ஒப்படைத்தார். ஏகாதிபத்தியத்துக்கு நிருவாகிகளை வார்த்தெடுக்கும் அச்சாக இம்முறை பின்னர் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலே எழுந்த பெண்களுக்கான உயர்தரப் பாடசாலைகள், ஆண்களுக்குரிய இவ்வமைப்பை விளையாட்டுக்களோடும் இல்லப் பிரிவுகளோடுஞ் சேர்த்துத் தமதாக்கிக் கொண்டன. அப்பாடசாலைகளிற் பயின்ற ஆசிரியைகள் குடியேற்ற நாடுகளுக்கு வந்தபோது முறையும் உடன் வந்தது. 1896இல் திருச்சபை மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மேரி காட்டர் தொடக்கிய சுண்டிக்குளி மகளிர் பாடசாலை போன்றவை இம்மரபைச் சேர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளெங்கும் அது நிலைகொண்டது.

இதனை வெறும் அந்நிய இறக்குமதியென்று ஒதுக்கிவிடுதல் எளிது. நமது முற்போக்கு விமரிசகர் சிலர் அவ்வாறே செய்துமுள்ளனர். அது சரியான மதிப்பீடாகாது. மாணவத் தலைவி அதிபரின் கண்ணும் காதுமாகவே நியமிக்கப்பட்டாள் என்பது உண்மை. வரிசை பிசகாமலும், பின்னல் அவிழாமலும், ஆங்கிலம் பேச வேண்டிய இடத்திலே தமிழ் பேசாமலும் பார்த்துக்கொள்வதே அவளது வேலை. எனினும், பூப்பெய்தியபின் வேலிக்கு வெளியே முகங்காட்டாத ஒரு சமூகத்திலே, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி முந்நூறுபேர் முன்னிலையில் எழுந்து நின்று உரத்த குரலிற் பேசுவதும், கூட்ட அறிக்கை எழுதுவதும், வலைப்பந்தாட்ட அணிக்கு யாரைச் சேர்ப்பதெனத் தீர்மானிப்பதும் சிறிய காரியங்களல்ல. அதிகாரத்துக்குப் பணிவதற்காக அளிக்கப்பட்ட பயிற்சியே அதிகாரத்தைக் கையாளும் பயிற்சியாகவும் அமைந்துவிட்டது. இம்முரண்பாட்டிலேதான் இதன் வரலாற்று முக்கியத்துவம் தங்கியுள்ளது.

சைவ மறுமலர்ச்சியின் பக்கத்திலும் இம்முரண்பாடு வேறு வடிவிற் காணப்படுகின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவினார். சைவப் பெண்கள் மிஷன் பாடசாலைகளுக்குச் சென்று மதம் மாறாதிருக்க வழிசெய்தலே அவரது கருத்து. ஆயின் அதனை நடத்த அவர் அழைத்து வந்தவர் புளோரன்ஸ் பார்: இலண்டன் நாடகமேடையில் நடித்தவர், யேற்ஸ், பேர்னாட் ஷோ ஆகியோரின் தோழி, நவீன பெண்ணின் நோக்கங்கள் பற்றி 1910இல் நூலெழுதியவர். 1917இல் கொழும்பிலே காலமானார். இத்தகைய ஒருவரைச் சைவப் பெண்களுக்குத் தலைவியாக்கிய அதே இராமநாதன், 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும். இல்லத்தை ஆளும் திறன் வேண்டும். நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமை மட்டும் வேண்டாம். நிலவுடைமை சார்ந்த உயர்குழாத்தின் பெண்கல்விக் கொள்கை இதைவிடத் தெளிவாக வெளிப்பட்ட தருணம் பிறிதில்லை.

1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலே டாக்டர் நல்லம்மா சத்தியவாகீசுவர ஐயர் முதலிய தமிழ்ப் பெண்களும் முன்னின்றனர். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என ஆணைக்குழு கூறியிருந்தும், 1931இல் இருபத்தொரு வயதான பெண்கள் யாவரும் வாக்குரிமை பெற்றனர். யாழ்ப்பாணத்திலோ நிகழ்ந்தது விசித்திரமானது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் அளிக்கவில்லையெனத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் நியமனப் பத்திரமே தாக்கல் செய்யப்படவில்லை. அத்தொகுதிகளுக்குரிய இடைத்தேர்தல் 1934இலேயே நடைபெற்றது. ஆகவே அங்குள்ள பெண்கள் தாம் பெற்ற வாக்கைப் பயன்படுத்த மேலும் மூன்றாண்டு காத்திருந்தனர். பகிஷ்கரிப்பின் அரசியல் நியாயத்தை ஈண்டு விவாதிக்கவில்லை. அத்தீர்மானத்தை எடுத்த மேடைகளிலே பெண்பாடசாலைகளின் பழைய மாணவிகளுக்கு இடமிருந்ததா என்பதே கேள்வி. ஹன்டி பேரின்பநாயகமும் அவரது சகாக்களும் சாதியையும் வகுப்புவாதத்தையும் எதிர்ப்பதில் முன்னோடிகள். ஆயினும் அவ்வியக்கம் அடிப்படையில் ஆண்கள் கல்லூரிகளின் விவாத மேடைகளிலிருந்து பிறந்த ஒன்றாகும். 1927 நவம்பரில் காங்கிரஸின் அழைப்பிலே காந்தி வந்தபோது உடுவிலிலும் இராமநாதன் கல்லூரியிலும் பேசினார். மாணவிகள் கதர் நிதிக்குப் பணஞ் சேர்த்துக் கொடுத்தனர். இயக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

மாணவத் தலைவியர் எக்குடும்பங்களிலிருந்து வந்தனர் என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணமும் விடுதிக்குப் பணமும் செலுத்தக்கூடியோர் உத்தியோகத்தர், வழக்கறிஞர், மலாயாவிலே சம்பாதித்தோர் ஆகியோரின் குடும்பத்தினரே. 1929இல் உதவி பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், 1930இல் பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டமையும் நன்கறியப்பட்டவை. வாங்கிலே சமமாக அமரவே இத்துணைப் போராட்டம் நிகழ்ந்த சூழலில், தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுமி சட்டையிலே தலைவிக்குரிய சின்னத்தைக் குத்திக்கொள்வதை எவர் எண்ணியிருப்பர்? பெண் என்ற வகையில் விடுதலைக்கு வழிவகுத்த அமைப்பு, சாதி, வர்க்கம் என்ற வகையில் உள்ள ஒழுங்கையே மீள உற்பத்தி செய்தது.

1941இல் உடுவிலுக்கு முதலாவது தமிழ் அதிபராக ஏரியம் பரமசாமி பொறுப்பேற்றமையும், 1945இல் இலவசக் கல்வி வந்தமையும், தாய்மொழி போதனாமொழியானமையும் இக்கதவுகளைச் சற்று அகலத் திறந்தன. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது வேம்படி அரச பாடசாலையாயிற்று. உடுவிலும் சுண்டிக்குளியும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தொடர்ந்தன. நிருவாகம் மாறினும் தலைவியரை நியமிக்கும் முறை இரு வகையிலும் ஒன்றாகவே இருந்தது. எழுபதுகளில் தரப்படுத்தலுக்கு எதிராக மாணவர் தெருவுக்கு வந்தபோது பாடசாலையின் நியமனத் தலைமை அதற்கு எவ்விதத்திலும் பொருந்தவில்லை. வேறு தலைமைகள் வெளியிலே தோன்றின. 1984இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த அன்னையர் முன்னணியும், சுண்டிக்குளியின் பழைய மாணவியும் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளருமான ராஜினி திராணகம 1989இற் கொல்லப்படும்வரை ஆற்றிய பணியும் இவ்வெளியைச் சேர்ந்தவை.

2016 செப்டெம்பரில் உடுவில் மகளிர் கல்லூரியில் நிகழ்ந்ததை இவ்வரலாற்றின் தொடர்ச்சியிலேயே வைத்து நோக்க வேண்டும். தமது அதிபர் ஓய்வுபெற வேண்டுமென்ற திருச்சபை நிருவாகத்தின் தீர்மானத்தை எதிர்த்து மாணவிகள் பாடசாலை வாயிலிலே போராட்டம் நடத்தினர். அவர்கள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தீர்மானம் மாறவில்லை. அதிபர் ஒருவருக்காக நடத்திய போராட்டமேயன்றி மாணவியர் உரிமைக்கான போராட்டமன்று எனக் குறை கூறியோரும் உளர். கோரிக்கையின் சொற்களை மட்டும் பார்ப்போருக்கு அது உண்மையாகவே தோன்றும். ஆயினும் 192 ஆண்டுகளாகத் தம்மைப் பற்றிய தீர்மானங்கள் தம்மைக் கேளாமலே எடுக்கப்பட்ட ஒரு வளவிலே, எவரும் நியமிக்காத பிள்ளைகள் முன்வந்து பேசியதை அச்சொற்களுக்குள் அடக்கிவிட முடியாது.

அண்மைக் காலத்தில் இலங்கைப் பாடசாலைகளிலே மாணவர் பாராளுமன்றம் என்னும் ஏற்பாடு வந்துள்ளது. வாக்குச்சீட்டும் பெட்டியும் வைத்துத் தேர்தல் நடக்கிறது. சபாநாயகரும் பிரதமரும் அமைச்சர்களும் தெரிவாகின்றனர். பக்கத்திலேயே மாணவத் தலைவியர் சபையும் முன்போலவே அதிபராலும் ஆசிரியராலும் நியமிக்கப்பட்டு இயங்குகிறது. தெரிவுசெய்யப்பட்ட சுகாதார அமைச்சர் நீர்க்குழாய் பழுதென்று சபையிலே பிரேரணை கொண்டுவரலாம். காலையில் வாயிலில் நின்று, பிந்தி வரும் பிள்ளையை உள்ளே விடுவதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பவள் இன்னும் நியமனம் பெற்ற தலைவியே.