பிரதிவாதி அசோக் குமார்

பெரிய படம் ஒன்று வெளியாகப் போகிறதென்றால், அதற்குச் சில நாட்கள் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் அசோக் குமார் மீது வழக்கு வந்துவிடுகிறது. அவர் சார்பில் யாரும் வக்காலத்து போடுவதில்லை. சம்மன் அனுப்ப விலாசமும் கிடையாது. ஆனாலும் தடையுத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றக்கூடிய, இன்னாரென்று தெரியாத ஆசாமிக்கு நம் நீதிமன்றங்களில் வழங்கும் பெயர் அசோக் குமார். அப்படிப் பெறும் உத்தரவையே ‘அசோக் குமார் உத்தரவு’ என்கிறார்கள் வழக்கறிஞர்கள்.

இல்லாத ஆளுக்குப் பெயர் வைப்பது சட்டத்துக்குப் பழைய பழக்கம். ரோமானியரின் வழக்கு வாசகங்களில் வாதி எப்போதும் ஔலுஸ் அகேரியுஸ், பிரதிவாதி நுமேரியுஸ் நெகிடியுஸ். அகேரியுஸுக்குள் ‘வழக்காடு’ என்ற வினை இருக்கிறது. மற்றவர் பெயரில் ‘பணம் எண்ணிக் கொடு’, ‘மறு’ என்ற இரண்டு வினைகள். வழக்கப்பன் எதிர் மறுப்பாண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்த இடத்துக்கு வந்தவர்கள் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ. டோ என்றால் பெண் மான், ரோ என்பது ஒரு சிறு மான் இனம். நிலத்தகராறு வழக்குகளில் நேரடியாக உரிமையை நிலைநாட்டும் நடைமுறை சுற்றிவளைத்துப் போவதாக இருந்தது. குத்தகைதாரரை வெளியேற்றினால் போடும் வழக்கோ சுலபமாக நடந்தது. அதனால் நிலத்துக்காரர், ஜான் டோவுக்குக் குத்தகை விட்டதாகவும், ரிச்சர்ட் ரோ வந்து அவரை விரட்டியதாகவும் எழுதிக்கொடுப்பார். இரண்டு பேரும் கற்பனை. கற்பனை ரோ, நிலத்தில் நிஜமாகக் குடியிருப்பவருக்கு, ‘என்மேல் வழக்கு வந்திருக்கிறது, நீ வந்து பார்த்துக்கொள்’ என்று அன்பு நண்பன் பாணியில் கடிதம் போடுவார். நீதிபதிக்கும் எல்லாம் தெரியும். 1852-இல் சட்டம் போட்டு இந்த நாடகத்தை முடித்தார்கள்.

ஆக, ஜான் டோ முதலில் வாதி. வயலை இழந்தவர். அவர் எதிர்த்தரப்புக் கூண்டுக்கு இடம் மாறியது பிற்பாடு. 1980-இல் அமெரிக்காவில் பாடகர் பில்லி ஜோயல், தன் கச்சேரி வாசலில் அனுமதியில்லாமல் பனியன் விற்கவிருந்தவர்களைத் தடுக்க நீதிமன்றம் போனார். விற்கப்போகிறவர்களின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? ‘பல ஜான் டோக்கள்’ என்று வழக்குப் பதிவானது. அந்த வழி இந்தியாவுக்கு 2002-இல் வந்தது. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளைக் கட்டணம் கட்டாமல் காட்டிய கேபிள்காரர்களுக்கு எதிராக, டென் ஸ்போர்ட்ஸ் சேனலுக்காக, டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு அது. பிரதிவாதியின் பெயரையும் இருப்பிடத்தையும் ‘தெரிந்த அளவுக்கு’ எழுதினால் போதும் என்கிறது நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அந்தச் சந்து வழியாகத்தான் டோ நுழைந்தார். இங்கே வந்தபின் அசோக் குமார் ஆனார்.

நல்ல தேர்வு என்றே சொல்வேன். வடக்கிலும் தெற்கிலும் செல்லும் பெயர். ஊரோ சாதியோ ஒட்டவில்லை. முனுசாமி என்றால் ஆள் சென்னைக்குள் சிக்கிக்கொள்வார். தமிழில் குப்பனும் சுப்பனும் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏமாறுகிற கட்சி, இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தித் திரையின் ஆரம்பகால நட்சத்திரம் அசோக் குமார், ‘கிஸ்மத்’ (1943) படத்தில் பிக்பாக்கெட்டாக நடித்தவர். தமிழில் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அசோக் குமார்’ (1941), பேரரசர் அசோகரின் மகன் குணாளன் கதை. செய்யாத குற்றத்துக்குக் கண்ணைப் பறிகொடுத்தவன் அவன்.

2012-இல் குற்றம் செய்யாத இணையதளங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ‘3’ படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இணைய நிறுவனங்களையும் அசோக் குமார்களையும் எதிர்த்து உத்தரவு வாங்கினார்கள். மே மாதம் நாட்டின் பல இணைப்புகளில் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்கள் மொத்தமாக இருண்டுவிட்டன. குறும்படம் எடுத்து விமியோவில் போட்டவருக்கும் ‘3’ படத்துக்கும் என்ன சம்பந்தம்? பூட்டுப் போட்ட இணைய இணைப்பு நிறுவனத்துக்கு அதைப் பிரித்துப் பார்க்கும் அக்கறை இல்லை. குறிப்பிட்ட இணைய முகவரியை மட்டும் முடக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று ஜூன் 22-ஆம் தேதி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனைக்கும் அதே படத்தின் ‘கொலவெறி’ பாடல் முதலில் கசிந்து, பிறகே முறைப்படி வெளியாகி, உலகம் சுற்றியது. பாட்டு இலவசமாகப் பரவினால் விளம்பரம். படம் பரவினால் போட்ட முதல் போச்சு.

அதன்பின் பட்டியல்கள் வீங்கின. 2018-இல் ‘2.0’ படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுப் படக் கும்பலோ ஒரு முகவரி மூடினால் வால் எழுத்தை மாற்றி அடுத்ததைத் திறந்தது. அதற்கு ஈடுகொடுக்க 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக முளைக்கும் நகல் தளங்களைப் புது வழக்கில்லாமல் பழைய உத்தரவிலேயே சேர்க்க வழி செய்தது. அசோக் குமாருக்கு நாளுக்கு நாள் உடம்பு பெருக்கிறது.

இந்தப் பெயருக்குள் படம் பார்க்கிறவரும் அடக்கமா? 2016-இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் இதைத் தொட்டுப் பேசினார். முடக்கப்பட்ட பக்கங்களில், பார்த்தாலே குற்றம் என்று மிரட்டும் அறிவிப்பு தோன்றிக்கொண்டிருந்தது. குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதியின்றி விநியோகிப்பதிலும் பொதுவில் திரையிடுவதிலும் விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும்தான் என்று அவர் சொன்னார். தியேட்டரில் செல்போனை உயர்த்திப் பிடிப்பவருக்கு 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. வீட்டில் படுத்துக்கொண்டு பார்ப்பவர் அதில் வரவில்லை.

பார்ப்பவர் இதை நிம்மதியாக எடுத்துக்கொள்கிறார். ‘யார் காசும் போகலையே, நான் பார்த்தால் என்ன?’ என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் தியேட்டரில் எடுத்த அந்த மங்கல் பிரதிகளைக் கவனித்துப் பாருங்கள். மூலையில் ஏதோவொரு இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் மிதந்துகொண்டிருக்கும்; நடுவில் அதன் விளம்பரமும் ஓடும். அந்தப் பிரதிக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்ததை எடுக்க அவர்கள் கைநீட்டுவது, ஓசியில் படம் பார்ப்பவருடைய செல்போனில் இருக்கும் பணத்தை நோக்கி. அது போதாதென்று, பிளேயர் வேண்டும் என்று சொல்லி அந்தத் திருட்டுத் தளம் இறக்கச் சொல்லும் செயலி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் அவரும் சட்டென்று ‘சரி’யை அழுத்திவிடுகிறார். வங்கியின் ஓடிபி வந்து விழுவது அந்தக் குறுஞ்செய்திப் பெட்டியில்தான். பணம் போனபின் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது, எதிரியின் பெயர் கேட்கும் இடத்தில் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்றுதான் அவரும் எழுத வேண்டியிருக்கும்.