மின்சாரமும் மண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றிருந்தேன். கணிப்பொறியின் ஆணைப்படி ஓடும் கடைசல் இயந்திரம் ஒன்று அங்கே காரணமின்றி அடிக்கடி நின்றுவிடுமாம். அதன் ‘எர்த்’ கம்பியைக் கழற்றிவிட்டு, சுவரோரம் தனியே ஒரு குழாயைப் புதைத்து, அதனோடு இயந்திரத்தை இணைத்திருந்தனர். “இது சுத்தமான எர்த், ஐயா! இப்போது இயந்திரம் அவ்வளவாக நிற்பதில்லை” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் செய்தது எத்தகைய ஆபத்து என்பதை அறிய, மண்ணுக்கும் மின்சாரத்துக்கும் ஏற்பட்ட உறவின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

தொடக்கக் காலத் தந்திக்குப் போக ஒரு கம்பியும் மீள ஒரு கம்பியும் வேண்டியிருந்தன. ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்னும் அறிஞர் 1838-ஆம் ஆண்டில் இருப்புப்பாதைத் தண்டவாளங்களையே கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். மின்னோட்டம் மண்ணுக்குள் கசிந்தது. முயற்சி தோற்றது, ஆயினும் மண்ணே மீள்வழியாகும் என்னும் உண்மை புலனாயிற்று. செய்தியைச் சுமக்கவே மண் முதலில் அமர்த்தப்பட்டது எனலாம்.

பின்னர் மோட்டார்களின் காலம் வந்தது. 1891-இல் அமெரிக்கராகிய வார்டு லியோனார்டு மோட்டாரின் வேகத்தை விரும்பியவாறு மாற்றும் முறையை வகுத்தார். மின்கம்பியின் உறை பழுதுபட்டால், இயந்திரத்தின் இரும்புடலே மின்சாரம் ஏறி நிற்குமன்றோ? மின்வழங்கலின் ஒரு முனையை மண்ணோடு பிணைப்பதா, வேண்டாமா என்று அக்காலப் பொறியாளர் நெடிது வாதிட்டனர். இறுதியில் 1913-இல், 150 வோல்ட் வரையுள்ள சுற்றுகளைப் பிணைத்தே ஆகவேண்டும் என அமெரிக்க மின்விதித் தொகுப்பு ஆணையிட்டது. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள், மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி நில இணைப்புகள் வேண்டும் என்றன. அவ்விதிகளுக்குப் பதிலாகப் பின்னர் வேறு ஒழுங்குமுறைகள் வந்தும், அந்த நெறி மாறவில்லை.

இனி அந்த இளைஞரின் குழாய்க்கு வருவோம். மண்வழியின் மொத்த மின்தடை 23 ஓம் எனக் கொள்ளுங்கள். 230 வோல்ட் அழுத்தத்தில் 10 ஆம்பியர் மட்டுமே பாயும். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. இயந்திரத்தின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். தொடுபவர் உயிருக்கோ ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே எமனாகக் கூடும். செம்புக் கம்பி வழியே மின்சாரம் தன் பிறப்பிடத்துக்கு மீண்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பியூஸ் நொடியில் உருகும். ஆதலின் காப்பது மண் அன்று. தொடர்பறாத உலோக வழியே காக்கிறது.

அப்படியானால் இயந்திரம் நின்றது ஏன்? 1957-இல் தைரிஸ்டர் தோன்றியபின், மின்னணுச் சாதனங்கள் மோட்டாரை ஆளத் தொடங்கின. இன்றைய சாதனம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிது மின்னோட்டம் மோட்டாரின் உடலுக்குக் கசிகிறது. அது திரும்பிச் செல்லக் குறுகிய நல்வழி இல்லையேல், ஆணை சுமக்கும் மெல்லிய கம்பிகளில் புகுந்து குழப்புகிறது.

கழற்றிய கம்பியை மீண்டும் பூட்டச் செய்தேன். தனிக்குழாயையும் பொது நில இணைப்போடு சேர்த்தோம். மோட்டார்க் கம்பியின் உலோகப் பின்னலுறையை இரு முனைகளிலும் முழுச் சுற்றாக இறுக்கினோம். இயந்திரம் நிற்காமல் ஓடியது.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் இத்தகைய இயந்திரங்களின் முன் நிற்பீர்கள். இரைச்சலைத் தணிக்க வழிகள் பல உண்டு. எக்காரணத்துக்காகவும் எர்த் கம்பியில் மட்டும் கைவைக்காதீர்கள்.