மணலிலிருந்து கரும்பலகைக்கு: குடவாசல் வட்டாரப் பின்புலத்தில் எழுத்துப்பயிற்சி விளையாட்டுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்க வகுப்பு மாணவரின் எழுதுதிறனை வளர்க்கும் விளையாட்டுகளும் செயல்பாடுகளும் அண்மைக்காலப் புதுமைகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. குடவாசலைச் சூழ்ந்த காவிரிப் படுகையின் கல்வி வரலாற்றை நோக்கினால், இக்கருத்து முழுமையானதன்று என்பது புலப்படும். மணல், ஓலை, சிலேட்டு, காப்பி நோட்டு, கீழ்மட்டக் கரும்பலகை என எழுதுபரப்பு மாறியபோதெல்லாம் குழந்தை செய்யும் பிழையின் பொருளும் மாறியது. அழிக்கத்தக்க பரப்பில் எழுத்து விளையாட்டாக இருந்தது. அழியாப் பரப்பில் அது பார்த்தெழுதலாக மாறியது. எனினும், குழந்தையின் சொந்த வாக்கியம் இவ்வரலாற்றில் மிகப் பிந்தியே இடம்பெற்றது. இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப்பள்ளி, மணலெழுத்து, மேல்வரிச்சட்டம், செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும், எழுத்தாக்கம்.

முன்னுரை

‘எழுதுதல்’ என்னும் சொல் தமிழில் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. ஒன்று, எழுத்தின் வரிவடிவைக் கையால் வரைதல். மற்றொன்று, கருத்தைத் தன் சொற்களில் ஆக்குதல். முன்னதை எழுத்துப்பயிற்சி என்றும் பின்னதை எழுத்தாக்கம் என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. வகுப்பறை விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதால், ஒரு விளையாட்டு எத்திறனை வளர்க்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை வரலாற்று நோக்கில் எழுப்புவதற்குக் காவிரிப் படுகை தக்க களமாகும்.

குடவாசல் வட்டாரமும் எழுத்து மரபும்

பழைய தஞ்சை மாவட்டத்தின் பகுதியாக இருந்து இன்று திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ள குடவாசல், சங்க இலக்கியத்தில் குடவாயில் எனப்படுகிறது. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை ஆகியவற்றில் பாடல்கள் இடம்பெற்றுள்ள குடவாயிற் கீரத்தனார் இவ்வூர்ப் பெயரால் அறியப்படுபவர். கிழக்கே பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் சரசுவதிக்குத் தனிக்கோயில் உள்ளது. விசயதசமியன்று குழந்தைகளை நெல்லில் முதலெழுத்து எழுதச்செய்யும் வழக்கம் அங்கு இன்றும் தொடர்கிறது. மேற்கே பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் உ.வே.சாமிநாதையரின் (1855–1942) சொந்த ஊர். கிழக்குக் கடற்கரையில் தரங்கம்பாடி உள்ளது.

புலவர் மரபு இவ்வளவு தொன்மையானதாயினும், அதனைக் கொண்டு எல்லாக் குழந்தைகளும் எழுத்தறிவு பெற்றிருந்தனர் எனக் கொள்ள இயலாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்த கணக்கெடுப்பில், தஞ்சை மாவட்டத்தில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் பதிவாயின. மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என மன்றோ 1826இல் தொகுத்துரைத்தார். மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் என்பது அவர் கணக்கு. தரம்பால் 1983இல் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபின், திண்ணைப்பள்ளிகளின் பரவல் விரிவாக விவாதிக்கப்பட்டது. பரவலைப் பற்றிய அவ்விவாதம் அளவுக்குக் கற்பித்தல் நுட்பத்தைப் பற்றிய விவாதம் வளரவில்லை.

திண்ணைப்பள்ளியில் மணலும் ஓலையும்

திண்ணைப்பள்ளியில் குழந்தை முதலில் எழுதியது மணலில். ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ எழுத்தின் ஒலியைச் சொல்ல, மாணவர் அதனை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் வரைந்தனர். வாய், செவி, கண், விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் இயங்கின. தவறான எழுத்தைக் கையால் ஒருமுறை தடவினால் அது மறைந்துவிடும். பொருட்செலவு இல்லை, பிழைக்குச் சான்றும் எஞ்சுவதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அயல்மொழியாளரான பெரியவர் ஒருவருக்கும் இம்முறை பயன்பட்டமை, அதன் எளிமைக்குச் சான்றாகும்.

மணலில் கை பழகியபின் ஓலை வந்தது. ஆசிரியர் எழுதித்தரும் மாதிரி மேல்வரிச்சட்டம் எனப்பட்டது. அதனைப் பின்பற்றி எழுதியே மாணவர் தம் எழுத்தைத் திருத்திக்கொண்டனர். ஓலையில் மஞ்சள், வசம்பு, இலைச்சாறு, கரி முதலியவற்றாலான மையைத் தடவும் மையாடல் ஒரு விழாவாகவே நிகழ்ந்தது. விழாவின் மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, பரப்பின் இயல்பு முற்றிலும் வேறாயிற்று. எழுத்தாணியின் கீறலை அழிக்க இயலாது. எனவே ஓலையில் சோதித்துப் பார்ப்பதற்கு இடமில்லை. மூலத்தைப் பிழையின்றிப் படியெடுப்பதே அங்குத் திறன் எனப்பட்டது. படியெடுத்தலால் நூல்கள் வாழ்ந்த சமூகத்தில் இது இயல்பான நோக்கமே. பிழையான படி ஒரு நூலையே சிதைத்துவிடும் என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் சுவடிகளை ஒப்பிட்ட சாமிநாதையரைவிட நன்கறிந்தவர் அரியர்.

எண்சுவடி, நெல்லிலக்கம் போன்ற வாய்பாட்டுச் சுவடிகளும் இதே முறையில் பயிலப்பட்டன. உழக்கு, நாழி, குறுணி, பதக்கு, கலம் என்னும் முகத்தலளவைகளைச் சொல்லிச்சொல்லி எழுதிய சிறுவன், களத்துமேட்டின் கணக்கையே எழுதிப் பழகினான். திண்ணைப்பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த து.செந்தில்பாபு, அங்கு நினைவு என்பது வெறும் மனப்பாடமன்று, கற்றலின் ஒரு முறையியலே என வாதிடுகிறார். எழுத்துப்பயிற்சிக்கும் இக்கருத்து பொருந்தும்.

நினைவு விளையாட்டும் புலவர் விளையாட்டும்

‘ஆனந்த விகட’னில் 1940 முதல் 1942 வரை வெளிவந்த ‘என் சரித்திரம்’ உள்ளிட்ட எழுத்துகளில், சாமிநாதையர் திண்ணைப்பள்ளி வாழ்வை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். மாலையில் மாணவர் வீடு திரும்பும்போது பூ, விலங்கு, பறவை, ஊர் போன்றவற்றின் பெயர்களை ஆசிரியர் சொல்லி அனுப்புவதும் மறுநாள் அவற்றை மாணவர் மறவாமல் சொல்வதும் அவற்றுள் ஒன்று. இன்றைய வகுப்பறைகளில் ஆடப்படும் பெயர்–ஊர்–பூ விளையாட்டுடன் இதனை ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்றுண்டு. இன்றைய விளையாட்டில் சொல்லைத் தேடிக் கண்டடைபவர் மாணவர். திண்ணைப்பள்ளியில் சொல்லை வழங்கியவர் ஆசிரியர். மாணவர் அதனைப் பேணிக் காத்தார்.

சொல்லை ஆக்கும் விளையாட்டு இம்மண்ணுக்குப் புதிதன்று. சீர்காழியில் தோன்றிய திருஞானசம்பந்தர் மாலைமாற்று, எழுகூற்றிருக்கை முதலிய வடிவங்களைக் கையாண்டார். ஈற்றடி கொடுத்துப் பாடச்செய்தல், எழுத்தைக் கட்டுப்படுத்திப் பாடுதல் ஆகியன புலமையைச் சோதிக்கும் வழிகளாயின. ஒரு பாடலின் இறுதி அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி முறையே, இன்று வகுப்பில் ஆடப்படும் சொற்சங்கிலியின் அடிப்படையும் ஆகும். ஆயினும் இவ்விளையாட்டுகள் யாப்பறிந்தோருக்கே உரியனவாக இருந்தன. கல்வியின் உச்சியில் ஆக்கமும் அடித்தளத்தில் படியெடுத்தலும் எனப் பிரிந்து நின்றதே இம்மரபின் அமைப்பாகும். இடைப்பட்ட படியை, அதாவது தொடக்கநிலைச் சிறுவர் தம் சொந்த வாக்கியத்தை எழுதும் படியை, அம்மரபு அமைத்துத் தரவில்லை.

கடல் கடந்த மணல்

மணலெழுத்தின் மதிப்பை உலகறியச் செய்தவர் ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் காப்பகத்தில் புகுத்த விரும்பினார். துணையாசிரியர் ஒத்துழையாதபோது, மூத்த மாணவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளியிலும் மணல் மேசைகள் இடம்பெற்றன.

பெல் கொண்டுசென்றவை மணலும் சட்டாம்பிள்ளை முறையும். ஒரே ஆசிரியரைக் கொண்டு பலநூறு சிறுவருக்குக் குறைந்த செலவில் கற்பிக்கும் ஏற்பாடாகவே இங்கிலாந்தில் அது வளர்ந்தது. பிழையை அஞ்சாமல் எழுதவைக்கும் மணலின் இயல்பைவிட, அதன் மலிவே அங்குப் போற்றப்பட்டது. ஒரு கற்பித்தல் நுட்பம் இடம் பெயரும்போது அதன் கருவி எளிதில் பெயர்கிறது. அதன் உட்பொருள் அவ்வாறு பெயர்வதில்லை. பிற்காலச் சீர்திருத்தங்களை மதிப்பிடவும் இவ்வுண்மை உதவும்.

சிலேட்டும் காப்பி நோட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மானியமும் ஆய்வாளர் தேர்வும் திண்ணைப்பள்ளிகளை எட்டின. தேர்வு முடிவுக்கேற்ப மானியம் என்னும் ஏற்பாட்டில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் தனித்தனியே அளக்கப்பட்டன. அளப்பதற்கு எளிதானது சொல்வதெழுதுதல். காலனியக் கல்வியில் பாடநூலும் தேர்வும் இணைந்து ஆசிரியரின் தன்னுரிமையைக் குறைத்ததைக் கல்வியாளர் கிருஷ்ணகுமார் விளக்கியுள்ளார். எழுத்துப்பயிற்சியில் இதன் விளைவு தெளிவாகவே தெரிகிறது. சிலேட்டு மணலைப்போல் அழிக்கத்தக்கதே. ஆயினும் மதிப்பெண் பெற்றது சிலேட்டன்று. இரட்டைக்கோட்டுக் காப்பி நோட்டே. சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட பிழை ஆண்டு முழுதும் ஏட்டில் நின்றது. ஓலையின் நிலைபேறு தாளில் மீண்டது. நூலைக் காக்கும் அதன் நோக்கம் மட்டும் மீளவில்லை.

இதே காலத்தில் மாற்றுக் குரல்களும் எழுந்தன. 1920களில் பிரான்சில் செலஸ்தென் பிரெனே, குழந்தைகள் தாமே எழுதியதை வகுப்பிலேயே அச்சிடச் செய்தார். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா, கதையையும் விளையாட்டையும் கற்பித்தலின் மையமாக்கினார். அவரது நூல் ‘பகல் கனவு’ எனத் தமிழிலும் வாசிக்கப்படுகிறது. விளையாட்டும் வரைதலுமே எழுத்துமொழியின் முன்வரலாறு என உருசிய உளவியலறிஞர் வைகோட்ஸ்கி விளக்கினார். காமராசர் ஆட்சியில் விரிவடைந்த பள்ளிகளும் மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், உழவுத் தொழிலாளர் குடும்பக் குழந்தைகளைப் பெருமளவில் பள்ளிக்கு ஈர்த்தன. திண்ணைப்பள்ளி அவர்களுள் பலருக்கு ஒருபோதும் திறந்திருந்ததில்லை. வீட்டில் எழுத்தறிந்தோர் இல்லாத அக்குழந்தைக்கு, அழியாத பிழை என்பது பள்ளியிலிருந்து விலகுவதற்கான காரணமாகவும் அமையக்கூடும். எழுதுபரப்பைப் பற்றிய வினா இங்குச் சமூக நீதியின் வினாவாகிறது.

செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும்

ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான பல்வகுப்புக் கற்பித்தல் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதனை முன்னெடுத்தார். 2007இல் இது மாநிலம் முழுவதிலுமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காவிரிப் படுகைப் பள்ளிகளும் அதில் அடங்கின. ஏணிப்படி, சின்னமிட்ட அட்டைகள், தரையில் பாய், குழு அமர்வு ஆகியன வகுப்பறையின் தோற்றத்தை மாற்றின. எழுத்துப்பயிற்சியைப் பொறுத்தவரை இரு கூறுகள் இன்றியமையாதன. ஒன்று, குழந்தையின் உயரத்துக்கு அமைந்த கீழ்மட்டக் கரும்பலகை. மற்றொன்று, குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பி. முன்னது மணலின் அழிதன்மையை மீட்டது. பின்னது குழந்தையின் ஆக்கத்துக்கு ஒரு வாசகரைத் தந்தது.

2022 ஜூனில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துப் பாடல், கதை, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கிறது. இவ்விரு திட்டங்களிலும் எழுத்தை அடையாளங்காணல், படத்துடன் இணைத்தல், விடுபட்டதை நிரப்புதல், சொல்லாக்கல் ஆகிய செயல்பாடுகள் வளமாக உள்ளன. ஆனால் இவை பெரும்பாலும் ஒரே விடையை உடையன. விடை முன்பே முடிவான இடத்தில் மேல்வரிச்சட்டம் வேறு வடிவில் தொடர்கிறது எனலாம்.

சொந்த வாக்கியத்தை நோக்கி

விளையாட்டுகளை, சொல் யாருடையது என்னும் அளவுகோலால் மூன்றாக வகுக்கலாம். மணலில் வரைதல், எழுத்தட்டை பொருத்தல் ஆகியன எழுத்தைப் பழக்குவன. சொற்சங்கிலி, பெயர்–ஊர்–பூ ஆகியன சொல்லைத் தேடச்செய்வன. விடுகதை எழுதுதல், கதையை ஆளுக்கொரு வாக்கியமாக வளர்த்தல், வகுப்புத் தோழருக்குக் கடிதம் எழுதுதல் ஆகியன வாக்கியத்தை ஆக்கச்செய்வன. இவற்றுள் விடுகதை தனிச்சிறப்புடையது. பொருளின் பெயரைச் சொல்லாமலே அதனைப் பிறர் அறியுமாறு எழுதவேண்டியிருப்பதால், நிறம், வடிவம், செயல் ஆகியவற்றைத் தேர்ந்து அடுக்கும் தேவை எழுகிறது. எழுதியது தெளிவாக இல்லையெனில் தோழர் விடை காணார். ஆகவே திருத்தும் கட்டாயம் மதிப்பெண்ணிலிருந்து அன்றி வாசகரிடமிருந்து பிறக்கிறது. நாற்றங்கால், வரப்பு, மடை, களம் எனக் குடவாசல் வட்டாரக் குழந்தை வீட்டில் கேட்கும் சொற்கள் இவ்விளையாட்டின்வழி ஏட்டில் இடம்பெற முடியும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விளையாட்டுவழி எழுத்துப்பயிற்சி காவிரிப் படுகைக்கு அயலானதன்று. மணலெழுத்து அதன் பழைய வடிவம். இரண்டாவது, இதனைக் கொண்டு திண்ணைப்பள்ளியைப் பொற்காலமாகக் கொள்வதும் பொருந்தாது. அது பலரை விலக்கியது, குழந்தையின் சொந்த வாக்கியத்துக்கும் இடமளிக்கவில்லை. மூன்றாவது, செயல்வழிக் கற்றல் மணலின் நன்மையை மீட்டெடுத்தபோதிலும், எழுத்தாக்கத்தை வகுப்பறையின் மையத்துக்குக் கொணரும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் விளையாட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒவ்வொரு விளையாட்டிலும் சொல் யாருடையது, பிழை அழிக்கத்தக்கதா, எழுதியதை வாசிப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பப் பயிற்சியளித்தல் பயன்தரும்.