மானுவல் ஆரோன்: கடைசி இடத்தில் நின்ற முதல்வர்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் திண்ணையில் அமர்ந்து சதுரங்கம் ஆடிய முதியவர்களைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அவ்வாட்டத்தில் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்கு மாறாக, அதுவரை ‘செக்’ வாங்காத ராஜா ஒரேயொரு முறை குதிரையைப் போலத் தாவலாம். பின்னாளில் நூல்வழி ஆட்டம் பயின்றபோதுதான் அது உலகப் பொதுவிதியன்று, நாட்டு வழக்கு என அறிந்தோம். இந்த வழக்கிலிருந்து சர்வதேச விதிகளுக்கு இந்திய ஆட்டத்தை நகர்த்தியவர்களுள் தலையாயவர் மானுவல் ஆரோன்.

1935இல் பர்மாவின் தவுங்கூவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்தவர் அவர். 1959இல் முதன்முறையாகத் தேசிய வாகையர் ஆனார். 1981க்குள் அப்பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் யூவேயையே வீழ்த்தினார். ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை வென்ற பின், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவரே.

அவரது புகழைக் குறுக்குவோர் எடுத்துக்காட்டுவது 1962இன் ஸ்டாக்ஹோம் போட்டியை. உலக வாகையர் பட்டத்துக்கான தகுதிச்சுற்று அது. பாபி பிஷர் முதலிடம் பெற்றார். இருபத்து மூவருள் ஆரோனுக்குக் கடைசி இடம். பட்டியலை மட்டும் பார்ப்பவர்க்கு அத்தோடு கதை முடிந்தது. ஆனால் அதே போட்டியில் அங்கேரியின் லாயோஸ் போர்டிஷும் கிழக்கு ஜெர்மனியின் வுல்ஃப்காங் உல்மனும் ஆரோனிடம் தோற்றனர் என்பதை அப்பட்டியலின் அடிவரி சொல்வதில்லை. இருவரும் பின்னர் உலக வாகையர் பட்டத்துக்கான இறுதித் தகுதிச்சுற்று வரை சென்றவர்கள். ஐரோப்பியர் பலர்க்கு வாய்த்த வலுவான போட்டிச்சூழல் நம்மவர்க்கு அன்று இல்லை. அடுத்த இந்திய சர்வதேச மாஸ்டரான வி. ரவிக்குமார் தோன்றியதே 1978இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் ஆரோன் தனியராகவே நின்றார்.

ஆரோன் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. உண்மைதான். 1930களில் ஐரோப்பிய மேதைகளைத் திணறடித்த மீர் சுல்தான் கானுக்கே அப்பட்டம் 2024இல்தான், அவர் மறைந்து பல்லாண்டு கழித்து, கௌரவமாக வந்தது. பட்டத்தை மட்டுமே கொண்டு ஒருவரை அளப்பது எமக்கு உடன்பாடன்று.

அவரது ஆட்டத்தினும் பெரியது, ஆட்டக்காரர்களை உருவாக்கிய பணி என்பது எம் கருத்து. தொடக்க நகர்த்தல்களைப் படித்துத் தேர்க என வற்புறுத்தினார், குழுக்கள் அமைத்தார். 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகையில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் எழுந்ததில் அவர் பங்கு முதன்மையானது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். அச்சிறுவனே 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வயது எழுபத்தெட்டைத் தாண்டிய பின்னும், 2014இல், விஜய் பண்டிட்டுடன் இணைந்து இந்தியச் சதுரங்க வரலாற்றை நூலாக்கினார் ஆரோன்.

2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆன வாரம், வகுப்பில் சதுரங்கப் பேச்சே. ஆனந்துக்கு முன் யார் என்று கேட்டோம். எவரும் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் ஆரோன் பெயரை எழுதி, ஸ்டாக்ஹோம் கதையையும் சொன்னோம். கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார்: “ஐயா, அந்த ரெண்டு ஆட்டத்தோட நகர்த்தல் எங்க கிடைக்கும்?”