‘மேற்கோள்’ என்னும் சொல்லின் வரலாறு

பிறர் நூலினின்றும் சான்றாக எடுத்துக்காட்டும் பகுதியை இன்று ‘மேற்கோள்’ என வழங்குகின்றோம். பழைய நூல்களில் இச்சொல் பிறிதொரு பொருளிலும் ஆளப்பட்டுள்ளது. அதனை உணராது பழைய நூல்களைக் கற்பின் பொருள் மயக்கம் நேரும். ஆதலின் அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

13-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. ஒவ்வொரு சூத்திரத்தின் பொருளும் அதிகரணங்களாகப் பகுக்கப்பெற்று, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களால் நிறுவப்படுகின்றது. இங்கு மேற்கோள் என்பது ஆசிரியர் நிறுவுதற்கு எடுத்துக்கொண்ட கருத்தாகும். வடநூலார் இதனைப் பிரதிஞ்ஞை என்பர். அக்கருத்துக்குக் காரணம் கூறுவது ஏது. அதனை விளக்குவது எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டாக வரும் வெண்பாக்களும் பிறர் வாக்கு அல்ல; மெய்கண்டாரே இயற்றியவை.

இம்முறை தருக்க நூலார் நெறியைத் தழுவியது. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புக்களைக் கூறும். மலை நெருப்புடைத்து என்பது பக்கம். புகையுடைமை அதற்கு ஏது. மணிமேகலை பக்கம் என்றதனையே சிவஞானபோதம் மேற்கோள் என்றது எனலாம்.

அங்ஙனமாயின், பிறர் கூற்றைச் சான்றாகக் காட்டுதற்கு முன்னோர் வழங்கிய பெயர் யாது? நன்னூலார் உரையின் இயல்புகள் பதினான்கனுள் ‘உதாரணம்’ என்பதனையும் ‘ஆசிரிய வசனம்’ என்பதனையும் வேறு வேறாக எண்ணினார். பொருளை விளக்கக் காட்டுவது முன்னையது. கருத்துக்கு அரணாக முன்னோர் நூலுரையைக் காட்டுவது பின்னையது. எழுவகை மதங்களுள் ஒன்று பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல். ஆண்டு ‘மேற்கொள்ளுதல்’ என்பது ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருட்டு. மேற்கோள் என்னும் பெயரும் இவ்வினையின் வழியே பிறந்தமையின், ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட கருத்து என்பதே அதன் இயல்பான பொருளாதல் பெறப்படும்.

உரையாசிரியர்கள் சான்று காட்டுவதில் ஒரே நெறியைப் பின்பற்றினாரல்லர். நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையிற் பலவிடத்து நூற்பெயர் சுட்டாது, ‘என்றார் பிறரும்’ என்னும் அளவில் அமைவர். 1887-இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அவ்வடிகள் எந்நூலின என அறியாது வருந்தியதையும், பின்னர்ச் சங்க நூல் ஏடுகளில் அவற்றைக் கண்டு மகிழ்ந்ததையும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நூற்பெயர் சுட்டாமையால் விளையும் இடர்ப்பாடு இதனால் விளங்கும். 1937-இல் அவர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில், செய்யுளடிகள் உரைநூல்களில் எடுத்தாளப்பட்ட இடங்கள் ‘மேற்கோளாட்சி’ என்னும் தலைப்பில் தொகுக்கப்பட்டுள்ளன. இச்சொல்லின் இக்காலப் பொருள் அங்குத் தெளிவாக அமைந்திருத்தல் காண்க.

கருத்தைக் குறித்த பெயர் அதற்குரிய சான்றைக் குறிப்பதாயிற்று. இம்மாற்றம் குற்றமன்று, சொற்பொருள் திரிதல் மொழியின் இயல்பே. ஆயினும் இதனை உணராமையால் இருவகை இழுக்கு உண்டாகின்றது. ஒன்று, சிவஞானபோதத்து ‘மேற்கோள்’ என்னும் தலைப்பின்கீழ் உள்ளதைப் பிறர் கூற்றெனக் கொள்ளுதல். வகுப்பிலே மாணவர் அங்ஙனம் கொள்ளக் கண்டுள்ளேன். மற்றொன்று, சான்றினையே கருத்தெனக் கொள்ளுதல். பக்கந்தோறும் பிறர் கூற்றுக்களை அடுக்கி, தாம் நிறுவ எடுத்துக்கொண்டது யாது என்பதை ஓரிடத்தும் கூறாத ஆய்வேடுகளும் உள. அவற்றில் இக்காலத்து மேற்கோள் மிகுதி. மெய்கண்டார் கருதிய மேற்கோள் இன்று.

ஆதலின் ஆய்வாளர் தம் கருத்தை முதற்கண் தெளிவுற மொழிந்து, அதற்கு ஏதுக் காட்டி, அதன் பின்னரே பிறர் கூற்றை நூற்பெயரும் இடமும் சுட்டிச் சான்றாகத் தருவாராக. பழைய சொல்லின் இருபொருளும் அவ்வாற்றான் ஒருங்கே பயன்படும்.